கூடத்தில் இடம் இருக்கிறதா?

கிரேட் டேன் குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு,

இந்த மடல் உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் அநேகமாக முன்பணம் கொடுத்திருப்பீர்கள்; இல்லையென்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை கொடுப்பதாகச் சொல்லியிருப்பீர்கள். குட்டியைப் போய்ப் பார்த்தாயிற்று. 45 நாள் குட்டி. மடியில் தூக்கி வைத்துக்கொண்டபோது அதன் முன்னங்கால் பாதம் உங்கள் பிள்ளையின் உள்ளங்கையை நிறைத்தது. விற்பவர் அந்தப் பாதத்தைத் தூக்கிக் காட்டி, "எலும்பைப் பாருங்க சார், நாளைக்குக் கன்னுக்குட்டி மாதிரி நிக்கும்" என்றார். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. பெயர்கூட வைத்திருப்பீர்கள்.

அந்த 45 நாள் என்பதிலேயே ஒரு தப்பு இருக்கிறது. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பதற்கு மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி, 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் கழிக்கும் அந்தக் கடைசி இரண்டு வாரத்திலும், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவருக்கு வலிக்கும் என்பதை ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது. நாளைக்கு உங்கள் பிள்ளையின் கையைக் கவ்வி விளையாடப் போகிற வாய் அது. அவசரப்படாதீர்கள். அந்த இரண்டு வாரத்தில் இந்த மடலையும் படித்துவிடலாம்.

நீங்கள் எதைக் கொண்டுவரப் போகிறீர்கள் என்று முதலில் பார்ப்போம். கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோ, கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஒரு வருடத்தில் 50 கிலோவை எட்டிப் பிடிக்கும். மனிதக் குழந்தை அப்படி வளர்ந்தால் முதல் பிறந்தநாளில் 300 கிலோ இருக்கும். வளர்ந்து முடித்த ஆண் நாயின் தோள் உயரம் 80-இலிருந்து 90 சென்டிமீட்டர். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் உயரம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர்தான். மேசைமேல் இருக்கும் குழம்புச் சட்டியை எட்டிப் பார்க்க அது கழுத்தை நீட்டக்கூட வேண்டியதில்லை. வாலைச் சந்தோஷமாக ஒரு வீசு வீசினால் டம்ளர்கள் உருளும். அந்த வாலே சுவரில் அடித்து நுனி பிளந்து, சுவரெல்லாம் ரத்தம் தெறித்த வீடுகள் உண்டு. 'மகிழ்ச்சி வால்' என்றே நாய் வளர்ப்பவர்கள் அந்தக் காயத்தைச் சொல்வார்கள்.

இத்தனை பெரிய உடலுக்குள் இருக்கிற மனசு எப்படிப்பட்டது என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. இந்த மடலே அதற்காகத்தான்.

பெயரில் டேன் இருப்பதால் டென்மார்க் நாய் என்று எண்ணிவிட வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன் தம் நூலில் இதைப் 'பெரிய டேனிஷ் நாய்' என்று எழுதிவைத்தார். ஆங்கிலத்தில் அதுவே ஒட்டிக்கொண்டது. இதை உருவாக்கியவர்கள் ஜெர்மானியர்கள். அங்கே சிற்றரசர்களும் பிரபுக்களும் காட்டுப்பன்றி வேட்டைக்கு இந்த நாய்களின் முன்னோரை வளர்த்தார்கள். ஓடுகிற பன்றியை மறித்துப் பிடித்து, வேட்டைக்காரன் ஈட்டியோடு வந்து சேரும்வரை விடாமல் வைத்திருப்பது அவற்றின் வேலை. காதை நறுக்கிக் கூராக நிறுத்தும் வழக்கம் அப்போது வந்தது. பன்றியின் கோரைப்பல் பட்டுக் காது கிழிந்துவிடும் என்ற பயம். இன்று உங்கள் தெருவில் பன்றி வேட்டை இல்லை. ஜெர்மனியே 1987-இலிருந்து காது வெட்டுவதைத் தடை செய்துவிட்டது. "காது கட் பண்ணித் தரட்டுமா சார்?" என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்த வேட்டை நாய்க் கூட்டத்தில் அழகும் பலமும் மிகுந்த சிலவற்றுக்கு மட்டும் வேறு வாழ்க்கை கிடைத்தது. அவை பிரபுவின் படுக்கை அறையிலேயே இருந்தன. 'காமர்ஹுண்ட்' என்று பெயர். அறை நாய் என்று பொருள். பொன்முலாம் பூசிய கழுத்துப்பட்டையோடு அவை எஜமானனின் கட்டிலருகே படுத்துக்கொள்ளும். இரவில் எவனும் கத்தியோடு உள்ளே நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் பொறுப்பு. பிறகு துப்பாக்கி வந்தது, காட்டுப்பன்றி வேட்டை அருகிப்போனது, வேட்டை நாய்க்கு வேலை இல்லாமல் ஆயிற்று. 1878-இல் பெர்லினில் நாய் வளர்ப்பவர்கள் கூடிப் பல பெயர்களில் திரிந்த இந்த நாய்களை ஒரே இனமாக்கி, 'ஜெர்மன் டோக' என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் வந்த தலைமுறைகளில் பன்றியோடு மோதும் மூர்க்கத்தைக் குறைத்து, மனிதரோடு ஒட்டிக்கொள்ளும் குணத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, உங்கள் குட்டிக்குள் மிஞ்சியிருப்பது அந்த அறை நாய். ஆள் இருக்கும் அறையில் தானும் இருக்க வேண்டும் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது.

தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ் டவுன் துறைமுகத்துக்குப் போனால் ஒரு கிரேட் டேனின் வெண்கலச் சிலையைப் பார்க்கலாம். 1937-இல் பிறந்த நாய் அது. பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகள் தங்கிய இடத்துக்கு அருகே வளர்ந்தது. மாலுமிகள் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போகும். கப்பலில் ஏறும் பலகையில் குறுக்கே நீட்டிப் படுத்துக்கொண்டு யாருக்கும் வழி விடாது. அதனால் 'தொந்தரவு' என்ற பொருளில் நியூசன்ஸ் என்று கூப்பிட்டார்கள். மாலுமிகள் கேப் டவுனுக்கு ரயிலேறினால் அதுவும் ஏறும். டிக்கெட் இல்லாத நாய் என்று ரயில்வேக்காரர்கள் இறக்கிவிட்டால் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளும். கடைசியில் நாயைக் கொன்றுவிடுவோம் என்று ரயில்வே எச்சரித்தது. மாலுமிகளும் ஊர்க்காரர்களும் மேலிடத்துக்கு எழுதினார்கள். கடற்படை ஒரு வழி கண்டுபிடித்தது. 1939 ஆகஸ்ட் 25 அன்று அந்த நாயை முறைப்படி மாலுமியாகப் பதிவு செய்தது. மாலுமிக்கு ரயிலில் இலவசப் பயணம். 'ஜஸ்ட் நியூசன்ஸ்' என்ற அந்த மாலுமிக்குப் படுக்க ஒரு கட்டிலும் கிடைத்தது. தலையணையில் தலை வைத்துத்தான் தூங்கும் என்பார்கள். ஒருமுறை வண்டி விபத்தில் சிக்கியதன் விளைவாகப் பின்னாளில் கால்கள் செயலிழந்தன. 1944 ஏப்ரல் 1, அதன் ஏழாவது பிறந்தநாளன்று, கடற்படை மருத்துவமனையில் வலியில்லாமல் உயிர்விட வைத்து, கடற்படைக் கொடி போர்த்தி, மரியாதையோடு புதைத்தார்கள்.

அந்த நாய் எந்தப் போர்க்கப்பலையும் காப்பாற்றவில்லை, எந்த எதிரியையும் பிடிக்கவில்லை. ஆட்கள் எங்கே போனாலும் கூடவே போனது, அவ்வளவுதான். கிரேட் டேனின் இயல்பு அது.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருவோம். உங்களில் பலர் இந்த நாயைப் போர்ட்டிகோவில் கட்டத்தான் வாங்குகிறீர்கள். கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை, உள்ளே கார், கார் பக்கத்தில் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் பக்கத்தில் இரண்டு மீட்டர் சங்கிலி. தெருவில் போகிறவன் பார்த்தால் பயப்பட வேண்டும். உங்கள் மீது கோபப்பட்டுச் சொல்லவில்லை; நம் ஊரில் பெரிய நாய் என்றால் வாசலில் கட்டுவது என்றுதான் நாம் பார்த்து வளர்ந்திருக்கிறோம். ஆனால் அந்தச் சங்கிலியில் ஒரு டேனுக்கு என்ன நடக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் 60 கிலோ உடம்பு திரும்பத் திரும்ப விழுந்து படுப்பதால் முழங்கை முட்டியில் மயிர் உதிர்ந்து, தோல் யானைத்தோலாகக் காய்த்துப்போகிறது. சிலவற்றுக்கு அங்கே நீர் கோத்து எலுமிச்சை அளவுக்குக் கட்டி தொங்கும். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவைப் பார்த்து முனகும். யார் வந்தாலும் எழுந்து குதிக்கும். சங்கிலி இழுத்து நிறுத்தும். இப்படி ஒரு வருடம் போனால் ஆளைக் கண்டாலே உறுமத் தொடங்கும். "முரடாயிடுச்சு" என்பீர்கள். வேலைக்கு வருகிற அம்மா சோற்றை ஒரு கோலால் தள்ளிவைப்பார். அதற்கப்புறம் அதை யாரிடமாவது தள்ளிவிடத்தான் ஆள் தேடுவீர்கள்.

திருட்டுப் பயம்தான் காரணம் என்றால் அதற்கு இந்த மண்ணிலேயே நாய்கள் இருக்கின்றன. தேனிப் பக்கத்துக் கோம்பையும் ராஜபாளையமும் நம் வெயிலில் தலைமுறை தலைமுறையாக வீடும் தோட்டமும் காத்தவை. அவற்றையும் நாள் முழுக்கக் கட்டிப்போடக் கூடாது; ஆனால் வெளியே காவல் இருப்பது அவற்றுக்குப் பிடித்த வேலை. டேனுக்கு அது தண்டனை.

அடுத்தது சாப்பாடு. குட்டியைத் தூக்கிக் கொடுக்கும்போதே ஒரு கால்சியம் டானிக் பாட்டிலையும் கையில் கொடுப்பார்கள். "பெரிய இனம் சார், எலும்பு வலுவாகணும்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல பாக்கெட் தீனி தின்கிற குட்டிக்கு அதற்கு மேல் ஊற்றும் கால்சியம் கெடுதல். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு, வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளிவிடும் திறமை இன்னும் வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். எலும்பு வளரும் ஒழுங்கு கெட்டு, கால் வளையும், மூட்டு வீங்கும். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹசவிங்கல் குழுவினர் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே இதைக் காட்டினார்கள். அதற்கும் முன்னால், 1974-இல், ஹெட்ஹமர் குழுவினர் கிரேட் டேன் குட்டிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சத்து மிகுந்த தீனியை இஷ்டப்பட்ட அளவு வைத்தார்கள். இன்னொன்றுக்கு அதே தீனியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும். வயிறு நிறையத் தின்ற குட்டிகள் வேகமாகப் பெருத்தன. எலும்புக் கோளாறுகளும் அவற்றுக்குத்தான் மோசமாக வந்தன. கொழுகொழுவென்று இருக்கும் டேன் குட்டியைப் பார்த்துத் தெரு மெச்சும். நீங்கள் விலா எலும்பு லேசாகத் தெரியும்படி மெல்ல வளருங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே விற்கும் தீனியைக் கொடுங்கள், டானிக் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஸ்கூட்டரில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு கயிற்றைப் பிடித்து அதை ஓடவிடும் வேலையும், ஒன்றரை வயது ஆகும்வரை, தயவுசெய்து வேண்டாம்.

"இருக்கிறதிலேயே பெருசா வேணும்" என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் நின்று இதைக் கேளுங்கள். இதுவரை பதிவான நாய்களிலேயே உயரமானது அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்த ஜீயஸ் என்ற கிரேட் டேன்; 111.8 சென்டிமீட்டர். அது 2014-இல் இறந்தபோது ஆறு வயதுகூட நிறையவில்லை. அதே பெயரில் டெக்சாஸில் இன்னொரு டேன் 2022-இல் உயிரோடிருக்கும் நாய்களில் உயரமானது என்று கின்னஸில் ஏறியது. எலும்புப் புற்று வந்து காலை எடுத்தார்கள். 2023-இல், மூன்று வயதில், போய்விட்டது. 2024-இல் அந்தப் பட்டத்தைப் பெற்ற அயோவாவின் கெவின் என்ற டேன் சில நாட்களிலேயே செத்தது. அதற்கும் வயது மூன்று. சாதாரணமாக இந்த இனத்துக்கு ஆயுசு ஏழிலிருந்து பத்து. மூன்றாம் வகுப்பில் இருக்கும் உங்கள் மகள் பத்தாம் வகுப்பு தாண்டுவதற்குள் அது போய்விடக்கூடும் என்பதை அவளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். ஒரு அங்குலம் உயரமாக வேண்டும் என்பதற்காக அந்த ஆயுசிலும் ஒரு வருடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனிச் சொல்லப்போவது இதை எழுதுகிறவரின் தெருவில் நடந்தது. பழுப்பு நிற டேன், பெயர் சீசர், ஐந்து வயது. அந்த வீட்டார் அதைக் கட்டிப்போட்டவர்கள் இல்லை. சொந்தப் பிள்ளைபோல வளர்த்தார்கள். நாளுக்கு ஒரு வேளை, ராத்திரி எட்டு மணிக்கு, ஒரு பெரிய குண்டான் நிறையக் கோழியும் சோறும். அன்றைக்கு விருந்தாளி வீட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள்; சாப்பிட்ட கையோடு அதை மாடிக்கும் கீழுக்கும் ஓடவிட்டு விளையாடினார்கள். பத்தரை மணிக்கு அது குமட்டத் தொடங்கியது. வாந்தி எடுக்கப் பார்க்கும், ஒன்றும் வராது. நுரை மட்டும் கோழைபோல ஒழுகியது. உட்காரும், எழும், திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்க்கும். வாயுக் கோளாறு என்று அந்த வீட்டு அம்மா ஓமத் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்துப் புகட்டினார். பதினொன்றரைக்கு வயிறு இறுகிவிட்டது. விரலால் சுண்டினால் மத்தளம் போலச் சத்தம். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் போனை எடுக்கவில்லை. இத்தனை பெரிய நாயை ஏற்ற ஆட்டோக்காரர் யாரும் ஒப்பவில்லை. தெருமுனையில் காய்கறி ஏற்றும் குட்டியானை வண்டிக்காரரை எழுப்பி, போர்வையில் நாலு பேராகத் தூக்கி ஏற்றினோம். ஈறு வெள்ளையாகி இருந்தது. மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே, பாலத்தின்மேல், அதன் தலை அந்த அம்மாவின் மடியில் கனத்தது.

வயிற்றில் காற்று நிறைந்து, இரைப்பை அப்படியே முறுக்கிக்கொள்வது அந்த நோய். மேல்வாயும் கீழ்வாயும் அடைபடும். இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக் குழாயை அந்த வீக்கம் நசுக்கும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். எல்லா இனங்களையும்விட இது கிரேட் டேனுக்குத்தான் அதிகம் வருகிறது. கைவைத்தியத்துக்கு இதில் வேலை இல்லை; காற்றை வெளியேற்றி, வயிற்றைத் திறந்து நேராக்கினால் மட்டும் பிழைக்கும். ஒன்றும் வராமல் குமட்டுகிறதா, அப்போதே கிளம்பிவிடுங்கள். வயிறு உப்பும்வரை காத்திருக்க வேண்டாம். சீசரின் வீட்டாருக்கு அன்பில் குறை இல்லை. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. குட்டியை விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வருடம் ஊசி போட்டவர் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தெருவில் இருந்த நாங்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் தீனியை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரமாவது ஓட்டம் வேண்டாம். பெரிய நாய்க்கு வசதி என்று உயரமான ஸ்டாண்டில் கிண்ணத்தை வைப்பார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வு, அப்படிச் சாப்பிடும் பெரிய நாய்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருவதைக் கண்டது. தரையிலேயே வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். தைத்துவிட்டால் காற்று நிறைந்தாலும் பை முறுக்கிக்கொள்வது மிக அரிது. குட்டி வீட்டுக்கு வருமுன்னே, நடு ராத்திரியில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, அங்கே இந்த அறுவைச் சிகிச்சை செய்ய ஆள் உண்டா, எந்த வண்டியில் போவீர்கள் என்பதை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவமனை தெரியும். மற்ற ஊர்க்காரர்கள் இப்போதே விசாரியுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டுகள் கிழிந்த துணிபோலச் சிதறியிருக்கும் ஹார்லெக்வின் டேனுக்கு மவுசு அதிகம். தாய், தகப்பன் இரண்டும் அந்த நிறமாக இருந்தால், அந்த ஈற்றில் சில குட்டிகள் பெரும்பாலும் வெள்ளையாக, காது கேட்காமலும் கண் சரியில்லாமலும் பிறக்கக்கூடும். வெள்ளைக் குட்டி அபூர்வம் என்று விலையைக் கூட்டிச் சொன்னால், அதன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். அவற்றின் பெற்றோர் எத்தனை வயதில், எதனால் செத்தன என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவரிடம் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே டேனைப் போர்ட்டிகோவில் கட்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். இன்றைக்கே கழற்றி உள்ளே விட்டால் முதல் வாரம் எதையாவது உடைக்கும், உங்கள் மேல் ஏறி விழும். பொறுத்துக்கொள்ளுங்கள். தடித்த மெத்தை ஒன்றைப் போட்டு, ஃபேன் காற்று படும் மூலையில் இடம் காட்டுங்கள். காலை ஆறு மணிக்குள், தரை சுடாதபோது, நடக்கக் கூட்டிப்போங்கள். முரடாகிவிட்ட நாய்களிலும் பல, ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று மெல்ல மெல்ல அடங்குவதை டேன் வளர்ப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். நிஜமாகவே கடிக்கும் நிலைக்கு வந்துவிட்டதென்றால் தனியாக முயல வேண்டாம், பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள்.

வாங்கப் போகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். பணம் கொடுக்குமுன், பரணில் இருக்கும் ஒற்றைக் கட்டில் மெத்தையை இறக்கி, உங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்கும் சோஃபாவுக்கும் நடுவே விரித்துப் போடுங்கள். ஒரு வாரம் அது அங்கேயே கிடக்கட்டும். அதைச் சுற்றி நடந்து போங்கள், அதைத் தாண்டிக் காபி கொண்டுபோங்கள், விருந்தாளிகள் வந்தாலும் எடுக்காதீர்கள். ஏழாவது நாள் ராத்திரி, உங்கள் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, இது இங்கேயே பத்து வருடம் கிடந்தால் பரவாயில்லையா என்று கேளுங்கள். பாட்டியிடமும் கேளுங்கள். வீடு துடைக்க வருகிற அம்மாவிடமும் கேளுங்கள். எல்லோரும் சரி என்றால், அந்த மெத்தையை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, குட்டியைக் கூட்டிவரப் போங்கள்.